புதுத் தீனியை முகர்ந்துவிட்டுத் தரையைப் பிறாண்டுகிறாள்: மிளகுக்கு என்ன செய்வது?

மிளகின் வீடு (ஸ்ரீரங்கம்), ஜூன் 3, இரவு 9.10

வணக்கம். என் பூனையின் பெயர் மிளகு. நான்கு வயது. சாம்பலும் கறுப்பும் கலந்த நாட்டுப் பூனை. சித்திரைத் தேர் முடிந்த மறுநாள் வீதியோரத்தில் கையளவுக் குட்டியாகக் கிடைத்தாள். கருத்தடை அறுவை செய்து மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இப்போது எடை 5 கிலோ 400 கிராம்.

போன வாரம் தடுப்பூசிக்காகத் தூக்கிக்கொண்டு போனேன். மருத்துவர் அவள் விலாப்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு கைக்கு அகப்படவே இல்லையே, என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். குட்டிகளுக்கான தீனியையே நான் நான்கு வருடமாகப் போட்டுவருகிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வளரும் குட்டிக்கு வேண்டிய கொழுப்பு, உட்கார்ந்து தூங்கும் பெரிய பூனைக்கு எதற்கு என்றார். உடனே மாற்றச் சொல்லிவிட்டார். பழையது 100 கிராமுக்கு 410 கிலோ கலோரி என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது. அவர் எழுதிக்கொடுத்த புதியது 350.

எங்கள் வீடு சைவம். மீனோ கறியோ உள்ளே வராது. மாமியாருக்கு மிளகின் மேல் உயிர், ஆனால் அடுக்களையில் மீன் வேகும் வாசனையை அவரால் தாங்க முடியாது. ஆகவே மிளகுக்குச் சாப்பாடு என்றால் பாக்கெட்டில் வரும் உலர் தீனிதான், வேறு வழி இல்லை. அதனால்தான் இந்தப் பிரச்சினை எனக்குப் பெரிதாக இருக்கிறது.

மே 31 முதல் புதியதை வைக்கிறேன். தட்டுக்கு வருகிறாள், முகர்கிறாள், பிறகு முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையை வறட் வறட்டென்று பிறாண்டுகிறாள், தன் மலத்தை மண் தள்ளி மூடுவாளே, அதே மாதிரி. பிறகு ரேழியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். பழையதோடு கலந்து வைத்தேன். பழையதன் உருண்டை மணிகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, புதியதன் முக்கோண மணிகளை ஒன்றுவிடாமல் தட்டில் மிச்சம் வைத்திருந்தாள். மனசு கேட்கவில்லை, மறுபடியும் பழையதையே போட்டுவிட்டேன்.

ருசி வேறு வாங்க வேண்டுமா? இன்னும் சில நாள் பொறுக்க வேண்டுமா? பூனைக்குச் சைவத் தீனி உண்டா என்று மாமியார் கேட்கிறார், அதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் (மதுரை), ஜூன் 3, இரவு 9.48

அம்மா, நீங்கள் இரக்கப்படுகிறீர்கள், பூனை அதைப் பிடித்துக்கொள்கிறது. புதியதை மட்டும் வையுங்கள். பழையது வீட்டில் இருப்பதே அதற்குத் தெரியக் கூடாது. ஒரு நாள் முறைக்கும், இரண்டாம் நாள் கத்தும், மூன்றாம் நாள் தானாகத் தின்னும். பசி ருசி அறியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. என் மாடிக்கு வரும் ஆறு பூனைகளையும் அப்படித்தான் பழக்கினேன்.

வேப்பேரி மாணவி (சென்னை), ஜூன் 3, இரவு 10.20

ஐயா, தயவுசெய்து இதை மட்டும் சொல்லாதீர்கள். மிளகின் அம்மா, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், இன்னும் மருத்துவர் ஆகவில்லை. ஆனால் இது எங்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்லித்தரப்படும் பாடம். நாயோ மனிதனோ மூன்று நாள் பட்டினி கிடந்தால் மெலிவார்கள், அவ்வளவுதான். பூனையின் உடம்பு வேறு. உணவு வராதபோது உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகிறது. பூனையின் கல்லீரலால் அவ்வளவு கொழுப்பைக் கையாண்டு வெளியே அனுப்ப முடிவதில்லை. கொழுப்பு கல்லீரல் செல்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு காமாலை, வாந்தி, தின்பதில் இன்னும் வெறுப்பு. தின்னாததால் நோய், நோயால் தின்னாமை என்று சுழல ஆரம்பித்துவிட்டால் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் வைத்து வாரக்கணக்கில் ஊட்ட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே இது தொடங்கலாம். அதிலும் குண்டான பூனைக்குத்தான் ஆபத்து மிக அதிகம். மிளகு 5.4 கிலோ.

அதனால் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக 24 மணி நேரம் ஒரு மணிகூட வாயில் போடவில்லை என்றால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரண்டாம் நாளுக்குப் போகவிடாதீர்கள். பழையதையே திரும்பப் போட்டது தவறு இல்லை, சரியான காரியம்.

இன்னொன்று. மணியை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறாளா? தலையை ஒருபக்கமாகச் சாய்த்து மெல்லுகிறாளா? எச்சில் வடிகிறதா? அப்படி என்றால் அது பிடிவாதம் அல்ல, பல் வலியாக இருக்கலாம். பூனைகளுக்குப் பல்லின் வேர்ப்பக்கம் அரித்துக்கொண்டே போகும் நோய் சாதாரணமாக வருவது. வெளியே ஒன்றும் தெரியாது.

மிளகின் வீடு, ஜூன் 3, இரவு 10.41

நன்றி தங்கை. பழையதை இரு பக்கமும் மொறுமொறுவென்று கடித்துத்தான் தின்கிறாள். எதையும் கீழே போடுவதில்லை. மருத்துவரும் வாயைத் திறந்து பார்த்தார், ஈறு சுத்தமாக இருக்கிறது என்றார்.

குமரிக்கடல் (குளச்சல்), ஜூன் 4, காலை 6.30

எனக்கு இந்தப் பாக்கெட் விஷயமே மனசுக்கு ஒப்பவில்லை. எங்கள் ஊரில் கட்டுமரம் கரை ஏறும் நேரத்தில் பூனைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சாளை, நெத்தோலி, வலையில் ஒட்டிய பொடி மீன். எந்தப் பூனையும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் முடியாது என்பது புரிகிறது, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் தீனி பிடிக்காத பூனை என்று ஒன்று இல்லை, பூனைக்குப் பிடிக்காத தீனிதான் இருக்கிறது.

வேப்பேரி மாணவி, ஜூன் 4, காலை 7.15

அண்ணா, கடற்கரைப் பூனை எலியும் ஓணானும் பிடித்துத் தின்று மீதியை நிரப்பிக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு மீன் மட்டும் என்றால் போதாது. சில பச்சை மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். எண்ணெய் மிகுந்த மீனையே நாள் தவறாமல் போட்டால், இ வைட்டமின் குறைந்து உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும், அந்தப் பூனையைத் தொட்டாலே கத்தும். வாரத்தில் ஓரிரு நாள், வேகவைத்து, முள் எடுத்து என்றால் நல்லதுதான்.

பழைய வாத்தியார் (கும்பகோணம்), ஜூன் 4, காலை 10.05

சைவத் தீனி பற்றி உங்கள் மாமியார் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவன், எங்கள் வீடும் சைவம், எங்கள் வீட்டிலும் பூனை உண்டு. ஆகவே அந்த அம்மாவின் சங்கடம் எனக்கு நன்றாகவே தெரியும்.

பூனைக்குச் சைவம் முடியாது. இது பழக்கத்தைப் பற்றிய பேச்சு இல்லை, உடம்பின் அமைப்பு. டாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் இருப்பது, செடிகொடிகளில் அநேகமாக இல்லாதது. நாய் அதைத் தன் உடம்பிலேயே போதுமான அளவு செய்துகொள்கிறது, பூனையால் முடியாது. டாரின் குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து பலூன்போல் விரியும். அமெரிக்காவில் கடைத் தீனி தின்று வளர்ந்த பூனைகளே இப்படி இதயம் விரிந்து செத்துக்கொண்டிருந்தன. காரணம் டாரின் பற்றாக்குறைதான் என்று டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987ல் வெளியிட்டார்கள். டாரின் கொடுத்தவுடன் பல பூனைகளுக்கு இதயம் தேறியது. அதற்குப் பிறகுதான் தீனி நிறுவனங்கள் அதன் அளவைக் கூட்டின. இறைச்சி சேர்த்துச் செய்த தீனியிலேயே குறை வந்தது என்றால், பருப்பும் சோறும் என்ன செய்யும் என்று யோசியுங்கள். ஏ வைட்டமினும் அப்படித்தான். கேரட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்வதைப் பூனையால் எடுத்துக்கொள்ள முடியாது.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். பசுவுக்குப் புல் எப்படியோ பூனைக்கு மாமிசம் அப்படி என்று நான் என் தாயாரிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

இன்னொரு செய்தி, உங்கள் முதல் கேள்விக்கு உதவும். பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலற்றுக் கிடக்கிறது என்று 2005ல் கண்டறிந்தார்கள். நாக்கில் சுவை மொட்டுகளும் நம்மைவிட மிகக் குறைவு. ஆகவே பூனை தீர்ப்புச் சொல்வது மூக்கால். ருசி மாற்றலாமா என்று கேட்டீர்கள். வாசனையில் என்ன கோளாறு என்று தேடுங்கள்.

நொய்யல் (கோவை), ஜூன் 4, பிற்பகல் 1.30

வாத்தியார் ஐயா சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் சில கேள்விகள் கேட்கிறேன். செல்லப்பிராணிக் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். புதுத் தீனி பிடிக்கவில்லை என்று திரும்பி வருபவர்களிடம் இவற்றைத்தான் கேட்பேன்.

முத்திரை பிரிக்காத பையில் வாங்கினீர்களா, பெரிய மூட்டையிலிருந்து நிறுத்துக் கட்டிக் கொடுத்ததா? வீட்டுக்கு வந்ததும் எதில் கொட்டி வைத்தீர்கள்? அந்தப் பாத்திரத்தில் அதற்கு முன்னால் என்ன இருந்தது? பழைய தீனியை எதில் வைத்திருக்கிறீர்கள்? என்ன தட்டு, எங்கே வைக்கிறீர்கள்?

மிளகின் வீடு, ஜூன் 4, பிற்பகல் 2.15

முழுப் பையை வாங்கி வீணாகிவிடுமோ என்று கடைக்காரரிடம் அரைக் கிலோ மட்டும் கேட்டேன். திறந்த மூட்டையிலிருந்து அள்ளி, பாலித்தீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். எறும்பு வரும் என்று வீட்டில் மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டினேன். சாம்பார்ப் பொடி டப்பா, நன்றாகத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்ததுதான். பழையது எப்போதும் அதன் பையிலேயே இருக்கும், அதன் வாயை அழுத்தி மூடலாம். தட்டு எவர்சில்வர், கூடத்தில் தூணை ஒட்டி வைப்பேன்.

நொய்யல், ஜூன் 4, பிற்பகல் 2.50

அக்கா, டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். பிறகு படியுங்கள்.

இந்த மணிகளை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் விஷயம் விளங்கிவிடும். மாவையும் இறைச்சித் தூளையும் பிசைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, அச்சு வழியாகப் பிழிந்து வெட்டுகிறார்கள், நம் முறுக்கு நாழி மாதிரியே. பிறகு காயவைக்கிறார்கள். அந்த நிலையில் அது வெறும் பொரி, எந்தப் பூனையும் சீந்தாது. கடைசியில்தான் கொழுப்பையும், கோழி ஈரல் போன்றவற்றைக் கரைத்து எடுத்த சாற்றையும் மேலே தெளிக்கிறார்கள். பூனையைக் கூப்பிடுவது அந்த மேற்பூச்சு. அது மணியின் வெளிப்பக்கம் இருக்கிறது. காற்றுப் பட்டால் காறிப்போகும். பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் சும்மா இருக்காது, ஏறிய வாசனையை வைத்துக்கொள்ளும். சாம்பார்ப் பொடியில் பெருங்காயம் உண்டு. அது கழுவினால் போகிற வாசனையா? திறந்த மூட்டை எத்தனை வாரமாகத் திறந்து கிடந்தது என்பதும் நமக்குத் தெரியாது. ஆகவே மிளகு புதுத் தீனியை வேண்டாம் என்றாளா, அந்த டப்பாவை வேண்டாம் என்றாளா என்பதே இன்னும் தெரியவில்லை.

ஒரு சோதனை செய்யுங்கள். அதே தீனியில் சிறிய பை, முத்திரை உள்ளது, தேதி பார்த்து வாங்குங்கள். ஒரே மாதிரித் தட்டு இரண்டு. ஒன்றில் டப்பாவிலிருந்து பத்து மணி, மற்றதில் புதுப் பையிலிருந்து பத்து மணி. அவள் பசிக்கிற நேரத்தில் வையுங்கள். பிறகு இடம் மாற்றி ஒருமுறை வையுங்கள்.

மிளகின் வீடு, ஜூன் 4, இரவு 9.35

உடனே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

டப்பாவை மாமியாரிடம்தான் முதலில் கொடுத்தேன். மூடியைத் திறந்தவுடன், "பெருங்காயம் அப்படியே இருக்கிறதே, இதிலா குழந்தைக்குக் கொட்டி வைத்தாய்?" என்றார். எனக்கு அந்த வாசனை பழகிப்போயிருக்கிறது, இத்தனை நாளாக மூக்கில் படவே இல்லை.

மாலையில் 400 கிராம் பை வாங்கிவந்தேன். ஏழரை மணிக்கு அவள் வழக்கமாகச் சாப்பிடுவாள். இரண்டு காப்பித் தட்டுகளைக் கூடத்தின் இரு ஓரத்தில் வைத்தேன், இடப்பக்கம் டப்பா, வலப்பக்கம் புதுப் பை. இடது தட்டுக்குத்தான் முதலில் போனாள். தட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதே நின்றுவிட்டாள். காது இரண்டும் பக்கவாட்டில் படிந்தன. ஒரு முறை முகர்ந்து, அதே பிறாண்டல். பிறகு வலது தட்டுக்குப் போய்க் குனிந்தாள். நீண்ட நேரம் முகர்ந்தாள். ஒரு மணியை நக்கி உருட்டினாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூண் மறைவில் நின்றோம். கடக் என்று சத்தம் கேட்டது. ஏழு தின்றாள், மூன்றை விட்டுவிட்டாள்.

எட்டரைக்குத் தட்டுகளை இடம் மாற்றி வைத்தேன். டப்பாத் தட்டைத் தொடவில்லை. புதுப் பையிலிருந்து வைத்ததில் ஐந்து.

நான்கு நாளாக அவளைப் பிடிவாதக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அவள் காதைத் தடவிக்கொடுத்தபோது வருத்தமாக இருந்தது.

குமரிக்கடல், ஜூன் 4, இரவு 9.50

ஏழு மணிகளைத் தின்றாளா! மனசு நிறைந்தது அக்கா.

நொய்யல், ஜூன் 4, இரவு 10.10

நல்லது. ஆனால் இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பத்தில் மூன்றை விட்டிருக்கிறாள், இரண்டாம் முறை ஐந்துதான். பழையதில் கொழுப்பு அதிகம், அதனால் மணமும் அதிகம். புதியது எப்படியும் ஒரு படி கீழேதான். குடலும் பழக வேண்டும், திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால். எந்தப் படியில் முரண்டினாலும் அதே படியில் இரண்டு நாள் நில்லுங்கள், பின்னால் போனாலும் பரவாயில்லை.

அளவைக் கண்ணால் போடாதீர்கள், தராசில் நிறுங்கள். இப்போது ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறீர்கள்?

மிளகின் வீடு, ஜூன் 5, காலை 8.20

இன்று நிறுத்துப் பார்த்தேன், 60 கிராம். அதாவது 246 கிலோ கலோரி. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். புதியதில் 55 கிராம் போதும், கிட்டத்தட்ட 190 வரும், மாதம் ஒருமுறை எடை பார்த்துக்கொள்ளலாம் என்றார். இன்று 15 கிராம் புதியதும் 45 கிராம் பழையதும் கலந்தேன். காலைப் பங்கில் முக்கோணம் நான்கே மிச்சம்.

வேப்பேரி மாணவி, ஜூன் 5, காலை 9.00

மிச்சம் வைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு தேக்கரண்டி தெளித்துப் பாருங்கள், கொதிநீர் வேண்டாம். பூனை புதிதாகப் பிடித்த எலியின் உடம்புச் சூடு 38 டிகிரி அளவில் இருக்கும். அந்தச் சூட்டில் தீனியின் மணம் எழும்பும். நனைத்ததை அரை மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்குப் புளித்துவிடும். உலர் தீனியில் ஈரம் பத்து சதவீத அளவில்தான் இருக்கும் என்பதால், தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனித் தட்டுக்குச் சற்றுத் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

இது மிளகுக்காக இல்லை, இதைப் படிக்கும் ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்காக. மணல் பெட்டிக்கு மீண்டும் மீண்டும் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முக்கினால், அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போங்கள். காலைவரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

மிளகின் வீடு, ஜூன் 10, பகல் 12.05

தடங்கல். பாதிக்குப் பாதி வந்த இரண்டாம் நாள். நேற்றுக் காலைப் பங்கு முழுதும் மிச்சம், இன்றும் மிச்சம். இரவில் கொஞ்சம் தின்கிறாள். வாந்தி இல்லை, துள்ளி ஓடுகிறாள், மலமும் சரியாக இருக்கிறது. புதிய பையைக் காற்றுப் புகாமல்தான் மூடி வைத்திருக்கிறேன். எனக்குப் புரியவில்லை.

பழைய வாத்தியார், ஜூன் 10, பகல் 12.40

காலையில் மட்டும் பசி இல்லை, துள்ளி ஓடுகிறாள் என்றால் வேறெங்கோ சாப்பிடுகிறாள். காலையில் வெளியே போகிறாளா?

மிளகின் வீடு, ஜூன் 10, பிற்பகல் 1.25

ஐயா, உங்கள் பதிலைப் படித்துக்கொண்டிருந்தபோதே பின்கட்டுச் சுவர் வழியாக இறங்கி வந்தாள். பிடித்து மடியில் வைத்துப் பார்த்தேன். வலப்பக்க மீசையில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து முகர்ந்தேன், தயிர்சாதம்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார். போய்க் கேட்டேன். "நாலு நாளாக மதில்மேல் வந்து உட்கார்ந்து கத்துகிறாள். நீ பட்டினி போடுகிறாய் என்று நினைத்தேன்" என்றார். தாளிக்காத வெறும் தயிர்சாதம், கட்டித் தயிராக, ஒரு பெரிய உருண்டை. காலையில் இறக்கியதும் தனக்குப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் அவளுக்கு வைக்கிறாராம். இனி போடாதீர்கள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவள் வருவதற்காகத்தான் பாட்டி வாசல் பக்கமே திரும்பாமல் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

சூடைமீன் (யாழ்ப்பாணம்), ஜூன் 10, மாலை 5.15

உங்கள் பாட்டியைப் பற்றி வாசித்தவுடன் எழுதத் தோன்றியது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது எங்கள் ஊர்க் கடைகளில் இறக்குமதித் தீனி இல்லாமற் போனது, இருந்த பையின் விலையும் கைக்கு எட்டவில்லை. ஒரே நாளில் மாற்ற வேண்டிய நிலை. சூடை மீனை அவித்து, முள் எடுத்து, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வைத்தோம். முதல் நாள் தொடவே இல்லை. என் அம்மா கடைசிப் பையின் அடியில் கிடந்த தூளைச் சேர்த்து வைத்திருந்தார், அதை மேலே தூவினார். தின்றது. அந்தத் தூளை இருபது நாள் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாக ஓட்டினோம்.

உங்கள் பழைய பையின் அடித் தூளை எறிந்துவிடாதீர்கள் அக்கா. புதியதன்மேல் தூவுங்கள். பாட்டிக்கும் ஒரு வழி இருக்கிறது. நாளுக்கு 55 கிராம்தானே? அதில் பத்துக் கிராமைத் தனியாக ஒரு சம்புடத்தில் போட்டுப் பாட்டியிடம் கொடுங்கள். அவர் கையால் அவர் போடட்டும்.

நொய்யல், ஜூன் 10, மாலை 5.40

இதைவிட நல்ல யோசனை இல்லை. எடை குறையாத பூனைகளில் எத்தனை பூனைக்கு இரண்டாவது வீடு இருக்கிறது என்று கடையில் இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டம், ஜூன் 11, இரவு 10.30

ஒரு வாரமாக எழுதவில்லை. அந்த மாணவி எழுதியதைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும்.

என்னிடம் முன்பு வெள்ளையன் என்று ஒரு பூனை இருந்தது. நல்ல பருமன். நாங்கள் வீடு மாறியபோது தின்பதை நிறுத்தியது. புது இடம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் அதன் காதின் உள்பக்கம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் பூசியதுபோல் இருந்தது என்று என் மனைவிதான் முதலில் பார்த்தாள். காமாலை என்றார்கள். பிழைக்கவில்லை. எலி மருந்து தின்ற எலியைப் பிடித்திருக்கும் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மாடிக்கு வரும் ஆறும் தெருப் பூனைகள். என்னிடம் தின்னாத அன்று வேறு மாடியில் தின்றிருக்கும். அதை வைத்து வீட்டுப் பூனைக்கு வழி சொன்னது தவறு. அம்மா, நான் முதலில் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம்.

வேப்பேரி மாணவி, ஜூன் 11, இரவு 10.52

ஐயா, வெள்ளையனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. பருமனான பூனை தின்பதை நிறுத்தும்போது எத்தனையோ வீடுகளில் இரண்டு நாள் பார்ப்போம் என்றுதான் இருக்கிறார்கள். தேடி வந்து படிப்பவர்களுக்கு நான் எழுதிய பாடத்தைவிட அந்தக் காது மடல் நினைவிருக்கும்.

மிளகின் வீடு, ஜூன் 18, இரவு 8.30

இன்று முதல் முழுதும் புதியது. காலை 25, பாட்டி வீட்டில் 10, இரவு 20.

தூள் தூவியது நன்றாக வேலை செய்தது, யாழ்ப்பாணத்துத் தங்கைக்கும் அவர் அம்மாவுக்கும் என் வணக்கம். வெந்நீர் தெளித்ததை மிளகு ஏற்கவில்லை, ஊறிய மணியைத் தொடுவதே இல்லை. அவளுக்கு அந்த மொறுமொறுப்பு வேண்டும்.

பாட்டியிடம் சம்புடத்தைக் கொடுத்தபோது முதலில் தயங்கினார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கோழி என்று உள்ளதைச் சொன்னேன், ஏமாற்றிக் கொடுக்க மனம் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவள் சாப்பாடு அவளுக்கு" என்று சொல்லி, பூ பறிக்கும் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மரக் கரண்டியை எடுத்து வைத்தார். கையால் தொடாமல் அந்தக் கரண்டியால்தான் போடுகிறார். பத்து மணிக்கு மதில்மேல் கரண்டி தட்டும் சத்தம் கேட்கிறது. தயிர்சாதம் வேண்டவே வேண்டாமா என்று கேட்டார். ஏகாதசிக்கு மறுநாள் ஒரு சுண்டைக்காய் அளவு என்று பேசி முடித்திருக்கிறோம்.

மிளகின் வீடு, ஜூலை 2, காலை 7.50

எடை பார்த்தோம். அவளைத் தூக்கிக்கொண்டு நான் ஏறி நின்று, பிறகு என் எடையைக் கழிப்பதுதான் வழக்கம். இந்த முறை மருத்துவரின் மேசைத் தராசிலேயே பார்த்தோம். 5 கிலோ 250 கிராம். ஒரு மாதத்தில் 150 கிராம், இந்த வேகமே போதும், அவசரம் வேண்டாம் என்றார். மதில் ஏறும்போது இடையில் ஒரு முறை நின்று மூச்சு வாங்குவாள், இப்போது நிற்காமல் ஏறுகிறாள் என்று பாட்டி சொல்கிறார்.

கடைசியாக ஒரு கேள்வி. ஏழு கிலோ மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு நல்ல விலை வித்தியாசம் இருக்கிறது. வாங்கலாமா?

நொய்யல், ஜூலை 2, காலை 8.15

வேண்டாம் அக்கா. நாளுக்கு 55 கிராம் என்றால் ஏழு கிலோ நான்கு மாதத்துக்கு மேல் வரும். திறந்த பையை ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது, கொழுப்பு காறத் தொடங்கினால் நமக்குத் தெரியும் முன்னால் மிளகுக்குத் தெரிந்துவிடும். இரண்டு கிலோ பை வாங்குங்கள், 36 நாள் வரும். டப்பாவில் கொட்டாதீர்கள். அதன் பையோடு, வாயை மடித்துக் கிளிப் போட்டு, அப்படியே ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவுக்குள் இறக்கி வையுங்கள். திறந்த தேதியைப் பையின்மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மிளகின் வீடு, ஜூலை 2, காலை 8.22

எழுதிவிடுகிறேன். பாட்டியின் சம்புடம் பித்தளை, புளி போட்டுத் தேய்த்தது. அதையும் இன்று முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறேன்.